திடலில் தொலையாத நீலக்கல்

என் மகள் பினாங்கில் உயிரியல் படிக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அழைப்பாள். அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசுவாள். கடைசியில் என்னிடம் "சாப்டீங்களா ப்பா" என்று கேட்பாள், நான் "ஆச்சும்மா" என்பேன், வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் அம்மாவைத் தாண்டி நேராக என் கைப்பேசிக்கே அழைத்தாள். அந்தச் சந்தோஷத்திலேயே எனக்குப் பாதி புத்தி போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

"ப்பா, நம்ம திடல்ல சின்னதா நீலப் பட்டாம்பூச்சி பறக்கும்ல, பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததே இல்லை. "ஆமாமா, நெறைய இருக்கே" என்றேன்.

"அதுக்குப் புல் நீலன்னு பேரு. அதுல மூணு வகை இருக்கு ப்பா. மேல இருந்து பார்த்தா மூணும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ரெக்கைய மூடிக்கிட்டு உக்காரும்போது அடிப்பக்கத்துல புள்ளி புள்ளியா தெரியும். அந்தப் புள்ளிய வச்சுத்தான் பிரிக்கணும். எங்க ஹாஸ்டல் பக்கம் புல்ல ஒட்ட வெட்டிடுறாங்க. மூணுக்கும் ஒவ்வொரு ஃபோட்டோ எடுத்துக் குடுங்களேன். வகுப்புல காட்டணும்."

"ஃபோட்டோதானே, நாளைக்கே அனுப்புறேன்லா" என்றேன்.

நான் லகாட்டில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மதிய ஷிப்ட். காலை முழுவதும் சும்மாதான் இருப்பேன். எங்கள் குடியிருப்பு, இங்கே தாமான் என்பார்கள், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு வீடு கட்டிய இடம். தோட்டத்தின் பெயர் இப்போது பஸ் நிறுத்தத்தில் மட்டும் இருக்கிறது. மாரியம்மன் கோவிலும் அதற்கு முன்னால் ஒரு பந்துத் திடலும் மிச்சம். திடலில் ஒரு பக்கம்தான் கோல் கம்பம் உண்டு. புல் வெட்டும் ஆட்கள் நினைத்தபோதுதான் வருவார்கள் என்பதால் கணுக்கால் உயரத்துக்குப் புல்லும் தொட்டாச்சிணுங்கியும் மண்டிக் கிடக்கும்.

மறுநாள் காலை போய் நின்று பார்த்தேன். மகள் சொன்னது சரிதான், நிறைய இருந்தன. இத்தனை வருடம் அவற்றை மிதித்துக்கொண்டே கோவிலுக்குப் போயிருக்கிறேன். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். புல்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், எங்கே போகிறோம் என்று தீர்மானிக்காதது போலப் பறக்கும். உட்காரும் என்று நான் குனிந்தால் எழுந்துவிடும். எழுந்துவிட்டதே என்று நிமிர்ந்தால் என் செருப்புக்குப் பக்கத்திலேயே உட்காரும். கடைசியில் குப்புறப் படுத்துவிட்டேன். தொட்டாச்சிணுங்கிக்கு இலை சுருங்கும் என்பதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முள்ளும் உண்டு.

அன்று அனுப்பிய படங்களுக்கு மகளின் பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. "ப்பா, இது புல்." "ப்பா, இது உங்க விரல்." "ப்பா, இது என்னது?" அந்தக் கடைசிப் படம் எது என்று எனக்கும் தெரியவில்லை.

இரண்டாம் நாளும் அப்படியே படுத்திருந்தபோது தலைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பளபளப்பான கறுப்புச் சப்பாத்து வந்து நின்றது. எதிர்வீட்டு அண்ணன். சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து காஜா ஊர்த் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் போகிறவர். தினமும் காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திடலைச் சுற்றி நடப்பார். உடற்பயிற்சி என்று அவர் சொல்வார். பார்க்கிறவர்களுக்கு ரோந்து மாதிரி இருக்கும்.

"என்னய்யா, நெஞ்சு வலியா?" என்றார்.

"இல்லண்ணே. பட்டாம்பூச்சி."

கொஞ்ச நேரம் யோசித்தார். "நெஞ்சு வலின்னா சொல்லிடு. வெக்கப்படாத."

எழுந்து உட்கார்ந்து விஷயத்தை முழுக்கச் சொன்னேன். பட்டாம்பூச்சி என்றபோது அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்றும் ஒரே மாதிரி இருக்கும், அடையாளம் வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்றதும் முதுகு நேரானது.

"அடையாளமா? தம்பி, ஒரே சட்டை, ஒரே மொட்டை, வரிசையா நிப்பானுங்க. யாரு யாருன்னு ஒரு நாளும் தப்பா சொன்னதில்ல நான். மூஞ்சிய பார்க்கக் கூடாது. காதப் பார்க்கணும். இதுக்குக் காது எங்க இருக்கு?"

"புள்ளிதாண்ணே இருக்கு."

"அப்ப புள்ளிய பார்ப்போம்லா."

மறுநாள் அவர் வந்தபோது கையில் ஒரு பெரிய பூதக்கண்ணாடி இருந்தது. பைபிள் படிக்க மகன் வாங்கிக் கொடுத்தது. அதைக் கைப்பேசியின் கேமராவுக்கு முன்னால் பிடித்தால் பூச்சி பெரிதாகத் தெரிகிறது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அவர் கண்ணாடியைப் பிடிக்க, நான் படம் எடுக்க, இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு தவழ்ந்தோம்.

மகள் குரல் பதிவில் விவரம் அனுப்பியிருந்தாள். முதல் வகை சிறிய புல் நீலன். தொட்டாச்சிணுங்கி இருக்கும் இடத்தில் நிறைய இருக்கும். முன் இறக்கையின் அடிப்பக்கத்தில் நடுவிலே ஒரு கீற்று மட்டும் இருக்கும். அதைத் தாண்டி உடம்புப் பக்கம் புள்ளியே இருக்காது. இரண்டாவது கரும்புல் நீலன். அந்த வெற்றிடத்தில் இதற்கு ஒரு புள்ளி இருக்கும். மூன்றாவது எல்லாவற்றிலும் சின்னது, குட்டிப் புல் நீலன். அதற்கு முன் இறக்கையின் மேல் விளிம்பில் கூடுதலாகப் புள்ளிகள். அண்ணன் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார்.

ஒரு பூச்சி இறக்கையை மூடிக்கொண்டு புல் நுனியில் உட்கார்ந்தது. கிளம்பப் போவது போல ஆடியது. அண்ணன் தாழ்ந்த குரலில், "ஜாங்கான் கெராக்" என்றார். அசையாதே என்று மலாயில் சிறைக்குள் அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ, அதே குரல். பூச்சி அசையவில்லை. நானும் அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை.

"சூப்பர் ப்பா. இது சிறிய புல் நீலன்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எடுத்து அனுப்பிய அத்தனை படமும் அதே சிறிய புல் நீலன்தான்.

"ஒரே ஆளு திரும்பத் திரும்ப வாரான் போல" என்றார் அண்ணன், சந்தேகத்தோடு.

வெள்ளிக்கிழமைதான் வினை வந்தது. முச்சந்தியில் தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடைக்கார அக்கா கோவிலுக்குப் பூ எடுத்துக்கொண்டு திடல் வழியாக வந்தார். எங்கள் தாமானில் எந்தச் செய்தியும் அவர் கடையில் பொட்டலம் கட்டப்பட்டுத்தான் வெளியே போகும். எங்கள் இருவரையும் புல்லில் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னா தம்பி, என்னா தேடுறீங்க?"

எனக்கு முன்னால் ஒரு பூச்சி உட்காரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தாடையைப் புல்லில் பதித்தபடி முணுமுணுத்தேன். "நீலன்க்கா."

"நீலமா? கல்லா?"

அண்ணன் அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, "ஷ்" என்றார். பூச்சி பறந்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான். ஆனால் அக்காவின் முகம் மாறியது. மெதுவாகத் தலையை ஆட்டினார். ஒரு பெரிய இரகசியத்தைத் தன்னிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பது போல, ஓசைப்படாமல் கோவிலுக்குள் போனார்.

நீலக்கல் மோதிரம் என்றால் எங்கள் பக்கத்தில் லேசான விஷயம் இல்லை. சனிக்குரிய கல். ஒத்துக்கொண்டால் வீடு வாங்க வைக்கும், ஒத்துக்கொள்ளாவிட்டால் இருக்கிற வீட்டையும் விற்க வைக்கும் என்பார்கள். அதைத் தொலைத்தவனுக்கு என்ன ஆகும் என்பதில் ஆளுக்கொரு கருத்து. தெரியாமல் மிதித்தவனுக்கு என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. அந்தத் திடலை எல்லோரும்தான் மிதிக்கிறோம்.

அன்று மதியம் வேலைக்குக் கிளம்பும்போது என் மனைவி கேட்டாள். "என்னங்க, எதிர்வீட்டு அண்ணன் நீலக்கல் மோதிரத்தத் தொலச்சிட்டாராமே. வேதக்காரரு, அவரு எப்பங்க சனிக்கு மோதிரம் போட்டாரு?"

உண்மையைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீயாவது போய் அக்காகிட்ட சொல்லிடேன்" என்றேன்.

"சொன்னா யாரு நம்புவா? ரெண்டு பெரிய ஆம்பளைங்க ஒரு வாரமா பூச்சி தேடுறாங்கன்னு சொல்றதுக்கு மோதிரமே பரவால்ல."

அதில் ஒரு நியாயம் இருந்தது. அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று நானும் தள்ளிப்போட்டேன்.

சனிக்கிழமை திடலில் ஏழெட்டுப் பேர் குனிந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் போனதும் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருவர் அண்ணனின் தோளைத் தட்டி, "கெடச்சிரும்ண்ணே" என்றார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. நம் பட்டாம்பூச்சிக்கு இவ்வளவு ஆதரவா என்று நெகிழ்ந்துபோய், "மூணு வேணும். ஒண்ணு கெடச்சிருச்சு" என்றார். அந்த மனிதர் வாயைப் பிளந்தார். சாயங்காலத்துக்குள் அது மூன்று மோதிரமாகியிருந்தது.

அண்ணனுக்கு இந்த மோதிரக் கதை தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில், அதுவும் தேவாலயத்தில். பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது பாதிரியார் அவரைத் தனியாக அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "ஏதாச்சும் மனக்கஷ்டமா? சோசியக்காரங்ககிட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்று மிக அன்பாகக் கேட்டிருக்கிறார். அண்ணனின் மனைவி காரில் வரும் வழியெல்லாம் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த அவருடைய பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

வெள்ளை முழுக்கைச் சட்டையோடு அண்ணன் நேராகத் திடலுக்கு வந்து இறங்கினார். நான் ஏற்கெனவே அங்கே செய்வதறியாமல் நின்றுகொண்டிருந்தேன். பாதித் தாமான் புல்லில் இருந்தது. சிலர் கையில் வாரும் முள்கம்பு. ஒருவர் கயிற்றில் காந்தத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதற்குள் சில பொருள்கள் கிடைத்திருந்தன. ஒரு மோட்டார் சைக்கிள் சாவி, மூக்குக் கண்ணாடியின் ஒரு கால், மேல்வரிசைப் பல் செட்டு ஒன்று. பல் செட்டைக் கோவில் செயலாளர் வந்து எதுவும் பேசாமல் வாங்கி, கோவில் குழாயில் கழுவிக்கொண்டு போனார். அன்றிலிருந்து கோவில் அறிவிப்புகள் தெளிவாகக் கேட்கின்றன.

பட்டாம்பூச்சி ஒன்றுகூட இல்லை. புல் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. தொட்டாச்சிணுங்கி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மூடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை ஒருமுறை பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிக் கோவில் வாசலில் வைத்தார். செயலாளரிடம் போய், "மைக்க போடுங்க" என்றார்.

மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கியில் அவர் பேசியது அதுதான் முதல் முறை.

"எல்லாரும் கவனிங்க. மோதிரம் கெடையாது. நான் மோதிரம் போடுறதில்ல. என் கல்யாண மோதிரமே வெரல்ல ஏறாம அலமாரியில இருக்கு. நாங்க தேடுனது பட்டாம்பூச்சி. அதுக்கு நீலன்னு பேரு. படிக்கிற புள்ளைக்கு ஃபோட்டோ வேணும். அவ்வளவுதான். எல்லாரும் புல்ல மிதிக்காம ஓரமா, வரிசையா வீட்டுக்குப் போங்க."

குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். பாதிப் பேர் உண்மையிலேயே வரிசையாக நின்றார்கள். மீதிப் பேர், மோதிரம் கிடைத்துவிட்டது, அதை மறைக்கத்தான் பூச்சி கதை விடுகிறார் என்று பேசிக்கொண்டே போனார்கள். அந்தக் கட்சி எங்கள் தாமானில் இன்றும் இருக்கிறது.

நாசி லெமாக் அக்கா மட்டும் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்திருந்தார். முட்டி வலிக்காரர், உட்கார்ந்தால் எழுவது கஷ்டம். நாங்கள் இருவரும் அவரிடம் போனோம்.

"பூச்சியா?" என்றார்.

"ஆமாக்கா" என்றேன்.

"காலையில கடைய மூடிட்டு வந்தேன். இந்த முட்டிய வச்சுக்கிட்டு மண்டி போட்டுத் தேடுனேன்." என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். "பாவம், ரெண்டு பேரா இருக்காங்க, புள்ளைங்க பக்கத்துல இல்ல, இந்த நேரத்துல இவருக்குக் கெட்ட காலம் வந்துருச்சேன்னு நெனச்சேன். கெடச்சா மாவெளக்கு போடுறேன்னு அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன். இப்ப நான் என்னா செய்யறது?"

அண்ணன் மைக்கில் பேசியபோது இருந்த ஆளே இல்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது. அவருக்காக வேறொரு சாமியிடம் ஒருவர் வேண்டுதல் வைத்திருக்கிறார். அக்காவுக்கு எதிரே புல்லில் குந்தினார். "மன்னிச்சிரும்மா" என்றார்.

அக்கா ஒரு புல்லைப் பிய்த்துப் போட்டார். "சரி, அந்தப் பூச்சியாச்சும் கெடச்சிச்சா?"

"ஒண்ணு கெடச்சிருச்சு. ரெண்டு வகை பாக்கி."

"காட்டுங்க பார்ப்போம்."

கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். கையை நீட்டி, தூரமாக வைத்துப் பார்த்தார்.

"இதுவா? இது என் கீரைப் பாத்தியில கெடக்குதே. இதுக்கா என்னைய இங்க வந்து மண்டி போட வச்சீங்க?"

மறுநாள் காலை அக்காவின் கடைக்குப் பின்னால் இருந்தோம். அவர் அங்கே குப்பைக்கீரை விட்டு வைத்திருந்தார். நாங்கள் சும்மா உட்கார்ந்து பூச்சி பார்ப்பதை அக்கா அனுமதிக்கவில்லை. முதலில் களை பிடுங்க வேண்டும், பிறகுதான் படம். கடையில் பொட்டலத்துக்குக் காத்திருந்தவர்கள், ஓய்வு பெற்ற வார்டர் கீரைப் பாத்தியில் குந்தியிருப்பதை எட்டி எட்டிப் பார்த்தார்கள். "மோதிரம் இங்கதான் விழுந்துச்சா?" என்று ஒரு குரல் கேட்டது. அண்ணன் அடுத்த களையைப் பிடுங்கினார்.

அங்கே பறந்தது கொஞ்சம் கருத்த பூச்சி. கீரை இலையில் உட்கார்ந்து இறக்கையை மூடியதும் அண்ணன் கண்ணாடியை நீட்டினார். உடம்புப் பக்கத்து வெற்றிடத்தில் ஒரு புள்ளி, குண்டூசியால் தொட்டு வைத்தது போல.

"இருக்குய்யா" என்று கிசுகிசுத்தார். அவசரத்தில் அவர் கண்ணாடியை நகர்த்தியதில் முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவது தெளிவாக வந்தது.

மகள் எழுதாமல் உடனே அழைத்தாள். "ப்பா, இது கரும்புல் நீலன். எங்க எடுத்தீங்க?"

"நாசி லெமாக் கடைக்குப் பின்னால."

அவளும் அப்படியேதான் போட்டிருக்கிறாள். வகுப்பில் காட்டியபோது, கண்ட இடம் என்பதற்கு நேராக 'நாசி லெமாக் கடைக்குப் பின்புறம், கீரைப் பாத்தி' என்று இருந்ததாம். விரிவுரையாளர் கேட்ட ஒரே கேள்வி, அந்தக் கடையில் சம்பல் எப்படி இருக்கும் என்பதுதான்.

மூன்றாவது வகை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அண்ணன் இதை ஒப்புக்கொள்ளப் பல நாள் ஆனது. கோவில் வேலியோரம் மிகச் சின்னதாக ஒன்றைப் படம் பிடித்து, குட்டிப் புல் நீலன் இதுதான் என்று சத்தியம் செய்தார். மகள் பார்த்துவிட்டு, அது சிறிய புல் நீலன்தான், புழுவாக இருந்தபோது சரியாகச் சாப்பிடாததால் வளராமல் போயிருக்கும் என்று எழுதினாள். "மறுபடி பார்க்கச் சொல்லு" என்றார். மறுபடியும் அதே பதில். "அவளுக்கு அனுபவம் பத்தாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து நடந்துகொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே, "விளிம்புல புள்ளி இல்லதான்" என்றார்.

அக்கா மாவிளக்கைப் போட்டுவிட்டார். "ரெண்டுதானே கெடச்சிருக்கு" என்று நான் சொன்னதற்கு, "அம்மன் என்னா உன் மக மாதிரி புள்ளி எண்ணிக்கிட்டா இருக்கும்?" என்றார். அண்ணன் கோவில் வாசல் வரை வந்து, வெளியே நின்றபடியே மாவை வாங்கிச் சாப்பிட்டார். நெய் கொஞ்சம் கம்மி என்று அபிப்பிராயம் சொல்லி, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இதெல்லாம் ஓய்ந்த பிறகு, எனக்கு விடுமுறையாக இருந்த ஒரு நாள், மழை விட்ட சாயங்காலம். பொழுது சாயும் நேரத்தில் இந்தப் பூச்சிகள் எங்கே போகின்றன என்று அண்ணனுக்குச் சந்தேகம் வந்தது. எல்லோரையும் உள்ளே அனுப்பிக் கதவைப் பூட்டிய பிறகுதான் அவருக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது. இருவரும் திடலுக்குப் போனோம். கடையை மூடிவிட்டு வந்த அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியோடு பின்னாலேயே வந்தார். இந்த முறை உட்கார்ந்துதான் பார்ப்பேன் என்றார்.

மிதிபட்ட புல் மறுபடி எழுந்து பூத்திருந்தது. அந்தப் பூத்தண்டுகளில்தான் இருந்தன. ஒவ்வொரு தண்டிலும் ஒன்றோ இரண்டோ, இறக்கையை மூடிக்கொண்டு, தலைகீழாக. ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு கண் பழகிவிட்டது. எங்கே பார்த்தாலும் இருந்தன. பக்கத்தில் போனாலும் பறக்கவில்லை. மழைத்துளி சில இறக்கைகளில் அப்படியே நின்றது. ஒரு வாரம் எங்களைக் குப்புறப் படுக்க வைத்த பூச்சி, இப்போது விரலால் தொடும் தூரத்தில் சாதுவாக இருந்தது. அண்ணன் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, வெகு நேரம் பார்த்தார்.

"இப்படித் தலகீழா தொங்குனா தல சுத்தாது?" என்றார்.

எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம். அது படிக்கட்டும்" என்றார் அக்கா. கண்ணாடியை அடுத்த தண்டுக்கு நகர்த்தினார். "இது யாரு? சின்னவனா, கருப்பனா?"

"வெளிச்சம் பத்தல" என்றார் அண்ணன். "காலையில பார்த்துச் சொல்றேன்."

கொசு கடிக்க ஆரம்பித்தது. தெருவிளக்கு எரிந்தது. அக்காவை ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிவிட்டோம். வீட்டுக்குத் திடலைக் குறுக்கே கடந்து போவதுதான் கிட்டத்து வழி. அக்கா ஓர் அடி எடுத்து வைத்தார், கீழே பார்த்தார், காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சாக்கடை ஓரமாகத் திரும்பினார். அண்ணன் அவருக்குப் பின்னால் போனார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் சுற்று வழியாகவே போனேன்.